காசிக்குப் போன முழங்கால்

பையை மேலே வைக்காதீர்கள் தம்பி. ஆண்டகளூர் கேட்டில் இந்த வண்டி திரும்புகிற திருப்பத்துக்கு மேலே இருக்கிறதெல்லாம் கீழே வந்துவிடும். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எக்ஸ்ரே கவர். யாருக்கு, அப்பாவுக்கா? முழங்காலா? நினைத்தேன். இந்த வண்டியில் கவரோடு ஏறுகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால்தான்.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று புரியவில்லை. அப்படித்தானே? அப்படியானால் சரியான ஆளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேலம் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கு எந்தச் சீக்கு வந்தாலும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வந்துவிட்டுத்தான் போவார்கள். வையாபுரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புக்கிங் ஆபீஸ்காரர் என்று கேட்க வேண்டும். லாரி புக்கிங் ஆபீஸில் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தவன். மேனேஜர். மேனேஜர் என்றால், முதலாளி வெளியே போயிருக்கும்போது நான்தான் மேனேஜர்.

அதோ, முன்னால் பெண்கள் சீட்டில் பச்சைச் சேலை தெரிகிறதே, அதுதான் என் சம்சாரம், பாவாயி. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். முழங்காலை மாற்றிய பிறகு அவளுக்குக் காதும் கூர்மையாகிவிட்டது.

அவள் முழங்காலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்று ஆகிவிட்டது. தைலம் தேய்த்தோம், கட்டுப் போட்டோம், ஊசி போட்டோம். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, பேர் வேண்டாம், அங்கே அட்டைக்கு நன்றாகப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன். டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூட்டை மாத்தியாகணும், இன்னும் தள்ளிப்போட்டா அம்மா படுக்கையிலதான்" என்று சொல்லிவிட்டார். நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்தால் காப்பீட்டுக்கென்று தனி மேஜை. ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. நல்ல பெண், நம் சுகந்தி வயசு இருக்கும். சுகந்தி என் மகள், பரமத்திப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அதற்கு வருகிறேன், இருங்கள்.

அந்தப் பெண் ஆதாரை வாங்கிப் பார்த்தது. ரேஷன் கார்டில் அம்மா பேர் இருக்கிறதா என்று கேட்டது. கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "கிடைக்குமுங்க ஐயா. நாங்க இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு எழுதி அனுப்புவோம், அங்கிருந்து சரின்னு வந்ததும் அட்மிசன் போட்டுக்கலாம். ஆபரேசன், மூட்டு, வார்டு, சாப்பாடு எல்லாம் இதுலயே வந்துரும். நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்ல" என்றது.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. எழுந்திருக்கப் போகிறவன், பேச்சுவாக்கில் கேட்டேன். "தனி ரூமுதானே கண்ணு?"

"இல்லீங்க ஐயா. இதுல ஜெனரல் வார்டுதான்."

"ஏசி ரூமா போட்டுக் குடுத்துரு. வாடகை வித்தியாசம் என்னவோ அத நான் கட்டிர்றேன்."

"வித்தியாசம்னு ஒண்ணு இல்லீங்க ஐயா. தனி ரூம் எடுத்தீங்கன்னா அட்டையே செல்லாது. ரூம் வாடகை மட்டுமில்ல, மூட்டு, மருந்து, டாக்டர் பீஸு, அத்தனையும் உங்க கைக்காசுதான்."

எனக்கு இது விளங்கவே இல்லை தம்பி. உங்களுக்கு விளங்குகிறதா? லாரியில் அரை லோடுக்குப் பேசிவிட்டு முழு லோடு ஏற்றினால் வித்தியாசத்தைக் கட்டுகிறோம். இந்தப் பஸ்ஸிலேயே சாதாரண டிக்கெட் எடுத்தவன் வேகமாகப் போகிற வண்டியில் ஏறினால் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். உலகம் முழுக்க வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம் கிடையாதாம். இந்தப் பக்கம் இருந்தால் எல்லாம் சும்மா, அந்தப் பக்கம் காலை வைத்தால் எல்லாம் காசு. நடுவில் நிற்க இடமே இல்லை.

அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அந்தப் பெண்ணும் சலிக்காமல் திருப்பித் திருப்பிச் சொன்னது. கடைசியில், "உங்க பக்கத்து ஆளுங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க ஐயா" என்று சொல்லிச் சிரித்தது.

வெளியே ஆட்டோ ஏறும்போது பாவாயி கேட்டாள். "ஏனுங்க, முழங்கால் எனக்கா, சம்மந்திக்கா?"

பார்த்தீர்களா, அவள் அப்படித்தான். பாதிப் பேச்சை அவளே மனசுக்குள் பேசி முடித்துவிட்டு மீதியை மட்டும் வெளியே விடுவாள்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பேர் பொன்னுரங்கம். சுகந்தியின் மாமனார். கோழிப்பண்ணைக்காரர். ரோட்டுமேல் பெரிய போர்டு, அவர் பேர் போட்டு. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றால் சும்மாவா? இலையில் உட்கார்ந்து, "ரசத்துல பெருங்காயம் பத்தல" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்தவன் நான். கொடுத்த இடத்தில் தலை குனிகிற மாதிரி ஒன்றும் நடந்துவிடக் கூடாது. பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் இது தெரியும். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகட்டும், மெதுவாகத் தெரிந்துகொள்வீர்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். பாவாயிக்கு ஆபரேஷன் என்றால் பரமத்தியிலிருந்து ஒரு வேன் ஆள் பார்க்க வருவார்கள். ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி. அவர்கள் வரிசையாக வந்து ஜெனரல் வார்டில், இருபது கட்டிலுக்கு நடுவில், என் சம்சாரம் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்பதா? உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி உண்டா அங்கே? "மேனேஜரா இருந்தாரே உங்கப்பா, ஒரு ரூம் போட முடியலயா" என்று சுகந்தியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? என் மகள் ஒன்றும் தெரியாதவள், வாயில்லாப் பூச்சி. அவளுக்காகத்தான் யோசித்தேன். எனக்கென்று எதையும் நான் யோசிக்கிறவன் இல்லை.

கைக்காசு போட்டே செய்துவிடலாம் என்று பார்த்தேன். கேட்ட தொகைக்கு வீட்டுப் பத்திரத்தை எங்காவது வைத்தாக வேண்டும். பாவாயி பத்திரத்தை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன், யோசிக்க வேண்டாமா?

ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து ஏதோ உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், பாவாயி தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வருகிறாள். ஒரு கையில் என் காப்பி டம்ளர். சிந்தாமல் தள்ளித் தள்ளிக் கொண்டுவருகிறாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "தரையத் தொடச்ச மாதிரியும் ஆச்சு" என்றாள்.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன் தம்பி. அன்றைக்குப் படிக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மூளை என்பது எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஜெனரல் வார்டிலேயே சேர்த்துவிடுவது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால்தானே வேன் எடுத்துக்கொண்டு வருவார்கள்? நாங்கள் ஊரிலேயே இல்லை என்றால்? காசிக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுவது. ராசிபுரத்திலிருந்து டூர்க்காரர்கள் கூட்டிப்போகிறார்கள், சமையல்காரரோடு. போக, வர, பத்துப் பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரிக்கும் அதே கணக்குதான். திரும்பி வந்த பிறகு பாவாயி நொண்டினாலும், காசியில் படிக்கட்டு அதிகம், ஏறி இறங்கியதில் கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாவாயியிடம் சொன்னேன். "ஆபரேசன் நடக்குமில்லீங்க?" என்று கேட்டாள். நடக்கும் என்றேன். "அப்ப காசியோ கைலாசமோ, எங்க வேணாலும் போறேன்" என்றாள்.

சம்பந்திக்கு நானே போன் போட்டேன். "காசிக்குக் கிளம்பறமுங்க சம்மந்தி" என்றேன். அவரும், "சந்தோசமுங்க. நானும் ஊர்ல இருக்க மாட்டேன், முட்டை வெல மீட்டிங்கு, ஐதராபாத்து. வர நாளாகும்" என்றார். பாருங்கள், நான் காசி என்றால் அவர் உடனே ஐதராபாத் என்று சொல்ல வேண்டும். ஒரு படி மேலே இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சுகந்தியிடமும் காசி என்றுதான் சொன்னேன். பெற்ற மகளிடம் பொய் சொல்லக் கூடாதுதான். ஆனால் அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

அங்கிருந்து சரி என்று வந்ததும் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அப்போது பக்கத்தில் பேச்சுக்குக்கூட ஒரு ஆள் இல்லை. காசிக்குப் போனவனுக்கு யார் துணைக்கு வருவார்கள்?

ஜெனரல் வார்டைப் பற்றி நான் நினைத்திருந்தது வேறு. இருந்தது வேறு. சுத்தமாகத்தான் இருந்தது. மேலே ஃபேன் ஓடியது. பக்கத்துக் கட்டில்காரிகளோடு பாவாயி ஒரே நாளில் உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டாள். ஒரே ஒரு சங்கடம். அது பெண்கள் வார்டு என்பதால் காலையில் கொஞ்ச நேரம் ஆம்பிளைகள் இருக்கக் கூடாதாம். நர்ஸ் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, பாவாயிதான் சொன்னாள். தினமும் அந்த நேரத்துக்கு என்னைக் கீழே அனுப்பிவிடுவாள். நான் திரும்பி வரும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியர் இருக்கும்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு குடுக்கறாங்களே, இது ஏது?" என்று கேட்டேன்.

"ஒரு புண்ணியவதி கொண்டாந்து குடுக்கறா. நீங்களும் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். அந்த ரசம் இருக்கிறதே, அப்படியே எங்கள் வீட்டு ரசம். சுகந்தி வைக்கிற மாதிரியே, பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக. யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு பக்குவம் என்று நான் சொன்னதற்குப் பாவாயிக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. சிரித்தால் கால் வலிக்கிறது என்று வேறு சொன்னாள்.

சுகந்தி போனில் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். நான் வராண்டாவுக்குப் போய் எடுப்பேன். ஒரு தடவை பேசிக்கொண்டிருக்கும்போது மைக்கில், "எலும்புப் பிரிவு, மூணாவது மாடிக்கு வரவும்" என்று ஒரு சத்தம். நான் சட்டென்று, "ஸ்டேஷன்ல வண்டி நிக்குது சாமி, அதான் சத்தம்" என்றேன்.

"அப்படீங்களாப்பா. கங்கைத் தண்ணி ஜில்லுனு இருக்குதுங்களா?"

"ஐஸ் மாதிரி இருக்குது."

"அம்மாளக் கால நனைக்க விடாதீங்க. தையல் ஈரமாயிரும்." கொஞ்சம் இருமினாள். "தலையில தண்ணி தெளிச்சா போதும்."

சேலை முந்தானைத் தையலைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, அவள் போனிலும் அதே மாதிரி மைக் சத்தம் கேட்டது. கோழிப்பண்ணையில் மைக் எதற்கு? இப்போதெல்லாம் கோழிக்குப் பாட்டுப் போட்டால் முட்டை அதிகம் வைக்கிறது என்கிறார்கள், அந்த மாதிரி ஏதாவது இருக்கும்.

மல்லூர் வந்துவிட்டதா? இனிமேல்தான் முக்கியமான இடம்.

பாவாயியை எழுப்பி நடக்கவைக்க ஆரம்பித்தார்கள். அதற்கென்று கீழே ஒரு ஹால். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு அடியாக வைக்கிறாள். நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே போகிறேன், விழுந்தால் பிடிக்க. எதிரே ஒருத்தர் வருகிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சைச் சட்டை. பின்பக்கம் முடிச்சு சரியாகப் போடாததால் ஒரு கையால் அதைப் பிடித்திருக்கிறார். இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்திருக்கிறார். மீசையைப் பார்த்தேன். அந்த மீசை தமிழ்நாட்டில் ஒருத்தருக்குத்தான் உண்டு.

நான் திரும்பி நிற்கலாம் என்று நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருக்க வேண்டும், ஆனால் திரும்பினால் முதுகுப்பக்கம் தெரிந்துவிடுமே. அப்படியே நின்றுவிட்டார். பாவாயிதான் பேசினாள்.

"வாங்க அண்ணா. ஐதராபாத்துல மீட்டிங் முடிஞ்சுதுங்களா?"

பொன்னுரங்கம் முதுகு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "முடிஞ்சுதும்மா. நேத்துதான் தையல் போட்டாங்க" என்றார். என்னைப் பார்த்து, "காசியில கூட்டம் எப்படிங்க சம்மந்தி?" என்றார்.

"பரவால்லீங்க. வரிசையாத்தான் படுக்க வைக்கறாங்க" என்றேன்.

மூன்று பேரும் சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருக்குக் குடலிறக்கம். ரொம்ப நாளாக இருந்ததாம், ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தாராம். அதே மேஜை, அதே பெண். "நானும் ரூமு கேட்டேனுங்க. வித்தியாசத்தக் கட்டறேன்னேன். வித்தியாசம்னு ஒண்ணு இல்லீங்கன்னுருச்சு" என்றார். நான், "உங்களுக்கென்னங்க, பண்ணைக்காரர், கைக்காசே கட்டலாமே" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. சும்மா கேட்டேன்.

அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "பண்ணை பேங்குக்குப் போயி வருசம் ரெண்டாச்சுங்க. போர்டு மட்டுந்தான் எம்பேரு. அதக் கழட்டாதீங்கன்னு புதுசா வாங்குனவரைக் கேட்டுக்கிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா புள்ளையக் குடுத்த எடம் இப்படியாயிருச்சேன்னு வருத்தப்படுவீங்களேன்னு."

ரோட்டில் போகும்போதெல்லாம் அந்தப் போர்டைப் பார்த்துப் பொருமியிருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"உங்களுக்குத் துணைக்கு யாருங்க?" என்று கேட்டேன்.

"மருமகதானுங்க. இந்த ஆஸ்பத்திரியச் சொன்னதே அதுதான். இந்த வாரமே பண்ணிக்குங்க மாமான்னு நாளும் குறிச்சுக் குடுத்துச்சு. தெனமும் காலையில சோறு கொண்டாந்துருது. ரெண்டு கேரியரு. இன்னொண்ணு யாருக்கும்மான்னு கேட்டா, மேல பொம்பளைங்க வார்டுல ஒரு அம்மா, வூட்டுக்காரர் இருந்தும் வெவரமில்லாதவரு, அதுக்கும் கொஞ்சம் குடுத்துட்டு வர்றேங்குது. என்ன தர்ம குணமுங்க."

"என் வளர்ப்பு அப்படிங்க" என்றேன்.

பாவாயி மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். ஆனால் என் மனசு கஷ்டப்பட்டது. பாருங்கள், என் மகள் தினமும் அதே கட்டிடத்துக்கு வந்து போயிருக்கிறாள், பெற்ற தாய் அங்கேயே படுத்திருப்பது தெரியாமல். யாரோ ஒரு அம்மாவுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த அளவுக்கு நான் கச்சிதமாக மறைத்திருக்கிறேன். ஆபீஸில் என்னைச் சும்மாவா மேனேஜர் என்றார்கள்.

அதற்குப் பிறகு நானும் சம்பந்தியும் தினமும் அந்தப் பெஞ்சில்தான். அட்டையைப் பற்றி அவர் நிறையத் தெரிந்து வைத்திருந்தார். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்வரைதான் அட்டை. வீட்டுக்கு வந்த பிறகு மாசக்கணக்கில் விழுங்குகிற மாத்திரை நம் செலவு என்றார்கள். வாக்கர் நாங்கள் வெளியே வாங்கினோம். காருக்கும் வேனுக்கும் அட்டை கிடையாது. சேர்வதற்கு முன்னால் எடுக்கிற டெஸ்ட்டில் எது உள்ளே, எது வெளியே என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், நான் கேட்காமல் முழித்தேன். உங்கள் அட்டையில் எப்படியோ, அந்த மேஜைப் பெண்ணிடமே கேளுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் கோபப்படாது. வித்தியாசம் மட்டும் கேட்காதீர்கள்.

எங்களுக்குள் ஒப்பந்தம். அவர் ஐதராபாத், நான் காசி. வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது. கங்கைத் தீர்த்தச் செம்பும் கருப்புக் கயிறும் சேலம் கடைவீதியிலேயே கிடைக்கும் என்று அவர்தான் கடை சொன்னார். அவருக்கு நான் ஐதராபாத் முத்துமாலை ஒன்று அதே கடைக்குப் பக்கத்தில் வாங்கிக் கொடுத்தேன், சம்பந்தியம்மாவுக்கு.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

காசிக்குப் போய்வந்தவர்கள் காலில் விழுந்து கும்பிடுவது நம் பக்கத்தில் வழக்கம். அதை நான் யோசிக்கவே இல்லை. தெருவே வந்தது. வேனும் வந்தது, பரமத்தியிலிருந்து. பாவாயியும் நானும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொருத்தராக விழுகிறார்கள். நானும் நல்லா இருங்க, நல்லா இருங்க என்று விபூதி பூசிக்கொண்டே இருக்கிறேன். திடீரென்று பார்த்தால் எதிரே பொன்னுரங்கம். வயசில் எனக்கு மூத்தவர், விழ வேண்டியதில்லை. ஆனால் காசிக்காரர்களுக்கு வயசு வித்தியாசம் கிடையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்க்கிறார். முகம் சுருங்குகிறது. நான் எழுந்து அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டேன். வேண்டாம் சம்பந்தி என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. என்ன அன்னியோன்னியம் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அது பொய்யும் இல்லை.

அதோடு விட்டாரா? தோளை விட்டதும் குரலை உயர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "காசிக்குப் போனா புடிச்சது ஒண்ண அங்கேயே வுட்டுட்டு வரணுமே. நீங்க எத வுட்டீங்க சம்மந்தி?" என்று கேட்டார். மீசைக்குக் கீழே சிரிப்பு. ஒப்பந்தத்தில் இது இல்லை.

பாகற்காய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாவாயி, "காப்பியுங்கண்ணா" என்றாள். "இனி ஆயுசுக்கும் தொட மாட்டேன்னு கங்கையில மூணு முழுக்குப் போட்டாருங்க."

தம்பி, எனக்குக் காப்பி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஆபீஸில் லாரிக்கு டீசல் போடுகிற மாதிரி நான் காப்பி ஊற்றிக்கொள்கிறவன். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் எனக்கு ஒருத்தனும் காப்பி தருவதில்லை. சாமி குத்தம் ஆகிவிடும் என்கிறான். கடைக்காரன் சுக்கு வெந்நீரை நீட்டுகிறான். வீட்டில் அவளே போடுவதில்லை. நான் செய்த குற்றம் என்ன? அவளுக்குக் கால் வந்தது, சம்பந்திக்குக் குடல் நின்றது, எனக்குக் காப்பி போனது.

சரி, அதாவது என்னோடு போகட்டும். பாவாயி வாக்கரை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாளா, தெருவே வாயைப் பிளந்துவிட்டது. நகர்ந்து நகர்ந்து போனவள் காசிக்குப் போய்விட்டு வந்து தண்ணிக்குடம் எடுக்கிறாள். கங்கையில் முழுகினால் மூட்டு சரியாகிறது என்று பேச்சாகிவிட்டது. டூர்க்காரர் என்னைத் தேடி வந்து கைகொடுத்துவிட்டுப் போனார், அடுத்த டூருக்கு ஆள் நிறைந்துவிட்டதாம். நானும் சிரித்துவைத்தேன்.

எதிர்வீட்டு நாச்சாயி தனி ஆள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முறுக்குச் சுட்டுப் பிழைக்கிறவள். அவளுக்கும் அதே முழங்கால், பாவாயியைவிட மோசம். ஒரு நாள் வந்து காதைத் தடவிக்கொண்டு நின்றாள். தோட்டைக் கழற்றியிருந்தாள். நாளைக்கு அடகுக் கடைக்குப் போகிறாளாம், டூருக்கு அட்வான்ஸ் கட்ட. "கங்கையில எந்தப் படித்துறையில முழுகுனீங்கக்கா, அதே எடத்துல முழுகோணும்" என்று பாவாயியிடம் கேட்டாள்.

பாவாயி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்தேன், வேறொன்றுமில்லை.

பாவாயி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து நாச்சாயிக்கு முன்னால் நின்று, சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கினாள். அந்த நீளத் தழும்பைக் காட்டினாள். "இதுதான் நாச்சாயி படித்துறை. தோட்டக் காதுல போடு. உங்கிட்ட அட்டை இருக்குதல்ல?" என்றாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை தம்பி. வீட்டுக்காரன் நான் நிற்கிறேன்.

நாச்சாயி தழும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

அதோ, பாவாயிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அவளை அந்த மேஜைக்குத்தான் கூட்டிப்போகிறோம். போன வாரம் எழுதி அனுப்பினார்கள், சரி என்று வந்துவிட்டது, இன்றைக்கு அட்மிஷன். சுகந்தியும் அங்கே வருகிறேன் என்றிருக்கிறாள். எதற்கு வருகிறாளோ, அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, நான் சொல்லவில்லை. நாச்சாயியும் லேசான ஆளில்லை. தனி ஆள் தர்ம வார்டில் கிடந்தாள் என்று அண்ணன் வீட்டில் பேசுவார்களே என்று என்னிடம் தனியாக வந்து யோசனை கேட்டாள். இந்த விஷயத்தில் எனக்குத்தான் அனுபவம் என்று தெருவுக்கே தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ராமேஸ்வரம் போகிறேன் என்று சொல்லிவிடு என்றேன். அங்கே எதையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. குளித்துவிட்டு வந்தால் போதும்.

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துவிட்டது, கவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாருங்கள், நான் எழுந்திருப்பதற்குள் பாவாயி இறங்கி நின்று நாச்சாயிக்குக் கை கொடுக்கிறாள். நீங்களும் எங்களோடு வாருங்கள், அந்தப் பெண்ணிடம் நானே சொல்கிறேன். உங்கள் அப்பா ஜெனரல் வார்டுக்குச் சம்மதித்துவிட்டாரா? சம்மதித்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும். சம்பந்தி யாராவது இருப்பார். அவருக்கு ஒரு ஊர் யோசித்து வையுங்கள். பழனி சொல்லலாம், திருப்பதி சொல்லலாம்.

காசி மட்டும் வேண்டாம். காப்பி குடிக்கிறவர்தானே?